காப்பித் துருநோயின் இயல்பறிந்த மார்ஷல் வார்டு

நீலகிரி மாவட்டத்தில் கூடலூரை அடுத்து அமைந்துள்ள ஓவேலி, இன்று தேயிலைப் பசுமை போர்த்த பள்ளத்தாக்காகும். ஓக்டர்லோனி என்னும் ஐரோப்பியர் பெயரால் வழங்கிய ஆங்கிலப் பெயரே சுருங்கி ஓவேலி ஆயிற்று. ஆயினும் 1845-ஆம் ஆண்டில் இங்கே காடு திருத்தி நடப்பட்ட பயிர் காப்பியே. நீலகிரியிலும் வயநாட்டிலும் காப்பி நலிந்தமைக்கும், இலங்கையில் அஃது அழிந்தமைக்கும் இலையடியில் படிந்த ஆரஞ்சு நிறத் தூள் ஒரு பெருங்காரணமாகும். அத்தூளின் இயல்பை ஆராய்ந்து உலகுக்கு உணர்த்திய ஹாரி மார்ஷல் வார்டு என்னும் அறிஞரின் வாழ்வை நாம் ஈண்டுக் காண்போம்.

1854-இல் இங்கிலாந்தின் ஹெரிஃபோர்டில் பிறந்த வார்டு, கேம்பிரிட்ஜில் பயின்று 1879-இல் முதல் வகுப்பில் தேறினார். பின்னர் ஜெர்மனி சென்று, வூர்ஸ்பர்க்கில் தாவரவியல் பேராசிரியர் சாக்ஸிடம் ஆய்வுநெறி கற்றார். அக்காலத்தே இலங்கையின் காப்பித் தோட்டங்கள் துருநோயால் துவண்டிருந்தன. நோய்க்குக் காரணமான பூஞ்சைக்கு 1869-இலேயே ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிடப்பட்டிருந்தது. அது பரவும் வழிதான் தெளிவாகவில்லை. அதனைக் கண்டறிய 1880-இல் இலங்கை அரசு வார்டை அமர்த்தியது. முப்பது அகவையும் நிரம்பாத இளைஞர் அவர்.

இரண்டாண்டுகள் அவர் தோட்டந்தோறும் சென்று ஆராய்ந்தார். பூஞ்சையின் வித்துகள் நீர்த்துளியில் முளைத்து, இலைத்துளைகளின் வழியே உட்புகுந்து, திசுக்களை உண்டு வாழ்வதைக் கண்டார். கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைத் தோட்டங்களில் வைத்து, வித்துகள் காற்றில் மிதந்து வருவதையும் மெய்ப்பித்தார். இடையே காடின்றி மலை முழுவதும் ஒரே பயிரை நட்டதே நோய்க்குப் பெருவழி திறந்தது என உணர்த்தினார். நோய் இலையினுள் புகுந்தபின் மருந்திட்டுப் பயனில்லை, புகுமுன்னரே காத்தல் வேண்டும் என்பதும் அவர்தம் முடிவு.

தோட்ட முதலாளிகள் வேண்டியதோ உடனடி மருந்து. அஃது அவரிடம் இல்லை. இல்லாததை உண்டு எனக் கூறி அவர்களை மகிழ்விக்கவும் அவர் முற்படவில்லை. கண்டதை மட்டும் அறிக்கைகளாக எழுதித் தந்து 1882-இல் தாயகம் மீண்டார். இலங்கைக் காப்பி வீழ்ந்தது. தமிழகத்திலிருந்து அங்குச் சென்று உழைத்த மக்கள் பிழைப்பிழந்து வாடினர். சின்கோனாவும் தேயிலையும் காப்பியின் இடத்தைப் பிடித்தன. அத்தேயிலைத் தோட்டங்களில் உழைத்த தமிழருள் பலர், 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்திற்குப்பின் தாயகம் திரும்பிக் கூடலூர்ப் பகுதியில் குடியேறியமை நாம் அறிந்ததே.

வார்டின் உழைப்பு வீண்போகவில்லை. 1885-இல் பிரான்சு நாட்டில் மில்லார்டே என்பவர், திராட்சை நோய்க்குத் துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையை வெளியிட்டார். நோய் புகுமுன் இலைமேல் தெளிக்கும் அக்கலவை இன்றும் காப்பித் தோட்டங்களில் பயன்படுகிறது. நோயெதிர்க்கும் காப்பி வகைகளும் பின்னர் நம் நாட்டில் உருவாயின. 1895 முதல் கேம்பிரிட்ஜில் தாவரவியல் பேராசிரியராக விளங்கி, புல்வகைத் துருநோய்களை ஆராய்ந்து, மாணவர் பலரை உருவாக்கிய வார்டு 1906-இல் 52-ஆம் அகவையில் மறைந்தார்.

ஆய்வேடு எழுதப் புகும் நம் மாணவர்கள், பிறர் விரும்பும் முடிவை நாடாது, கண்ட உண்மையை எழுதும் துணிவை இவ்வறிஞரிடம் கற்பார்களாக.