கோட்டக்கல் வாரியரும் எங்க தாத்தாவும்

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படிக்கிற நான் ஒரு வைத்தியரின் வாழ்க்கையை எழுதக் காரணம் எங்க தாத்தாதான்.

தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். இப்போது அங்கே செம்பனை, லயங்கள் இல்லை. போன வருஷம் நெஞ்சு வலி வந்து ஈப்போவில் காட்டியபோது, இதயத்துக்குப் போகிற இரத்தக் குழாயில் அடைப்பு, ஸ்டென்ட் வைக்கணும் என்றார்கள். தாத்தா மாட்டேன் என்றுவிட்டார். தோட்டத்தில் பிள்ளைகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைச் சுத்தம் செய்வார்களே, அந்த மாதிரி பேதிக்குக் குடிச்சு, தைலம் தேய்ச்சா எல்லா அடைப்பும் போயிடும் என்பது அவர் வாதம். அவர் நம்பியது கோட்டக்கல் தைலத்தை. அதனால் கோட்டக்கலைத் தொடங்கியவர் யார் என்று தேடிப் படித்தேன்.

அவர் பெயர் பி.எஸ். வாரியர். கேரளாவின் கோட்டக்கல்லில் 1869-இல் பிறந்தவர். அஷ்டவைத்தியர் பரம்பரையைச் சேர்ந்த குட்டஞ்சேரி வாசுதேவன் மூஸிடம் குருகுல முறையில் ஆயுர்வேதம் கற்றார். பிறகு அவருக்குக் கண்ணில் நோய் வந்தது. மஞ்சேரி அரசு மருத்துவமனையில் டாக்டர் வர்கீஸிடம் சிகிச்சைக்குப் போனார். போனவர் குணமானதோடு திரும்பிவிடவில்லை. அந்த டாக்டரிடமே மாணவராக இருந்து ஆங்கில மருத்துவமும் படித்தார். ஆயுர்வேதம் படித்தவருக்கு அதில் ஒரு வெட்கமும் இல்லை!

அந்தக் காலத்தில் வைத்தியர் மருந்து எழுதிக் கொடுப்பார். மூலிகை தேடி, இடித்து, காய்ச்சுவது நோயாளி வீட்டார் பாடு. வாரியர் 1902-இல் ஆரிய வைத்திய சாலையைத் தொடங்கி, கஷாயத்தையும் தைலத்தையும் தயார் நிலையில் கொடுத்தார். 1903-இல் தன்வந்தரி என்ற இதழ், 1917-இல் கோழிக்கோட்டில் ஆயுர்வேதப் பாடசாலை, 1924-இல் ஏழைகளுக்குத் தர்ம மருத்துவமனை என்று வரிசையாகச் செய்தார். அந்த மருத்துவமனையில் இன்று ஆயுர்வேதத்தோடு அலோபதிப் பிரிவும் இருக்கிறது. 1921 மலபார் கலவரத்தின்போது இந்து, முஸ்லிம் இரு தரப்புக்கும் உதவினார். 1933-இல் வைத்தியரத்தினம் பட்டம் கிடைத்தது. 1944-இல் மறைந்தபோது, வைத்திய சாலை தர்ம அறக்கட்டளையாக நடக்கும்படி உயில் எழுதி வைத்திருந்தார்.

சரி, அடைப்புக்கு வருவோம். உடம்பில் ஸ்ரோதஸ் என்ற பாதைகள் இருக்கின்றன, சரியாகச் செரிக்காத ஆமம் அவற்றை அடைத்தால் நோய் வரும் என்பது ஆயுர்வேதக் கணக்கு. முதலில் பசியையும் செரிமானத்தையும் சீராக்குவார்கள். பிறகு ஸ்நேகனம் என்று நெய், எண்ணெய். ஸ்வேதனம் என்று வியர்க்க வைப்பது. இளகிய பிறகே பேதி, வஸ்தி போன்ற பஞ்சகர்மம். குழாயில் கெட்டியானதை இளக்காமல் தள்ளக்கூடாது என்று எங்க துறையிலும் சொல்வார்கள். படிக்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆனால் ஒரே வார்த்தை என்பதால் இரண்டும் ஒன்றாகிவிடாது. ஸ்ரோதஸ் அடைப்பு வேறு விஷயம். இதயக் குழாயின் சுவருக்குள்ளேயே கொழுப்பு படிந்து குறுகுவது வேறு விஷயம். தைலம் தேய்த்தால் அது கரையாது. இதயம் பலவீனமானவருக்குக் கடுமையான பேதி ஆபத்தாகவும் முடியலாம். ஆயுர்வேதமே நோயாளியின் பலத்தைப் பார்த்துத்தான் பஞ்சகர்மம் செய்யச் சொல்கிறது.

இதைச் சொன்னபோது தாத்தா கேட்கவில்லை. வாரியரின் கண் கதையைச் சொன்னேன். அவ்வளவு பெரிய வைத்தியரே டாக்டரிடம் போனாரா என்று இரண்டு தடவை கேட்டார். மூன்றாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு, வண்டியை எடுடா என்றார்.

ஸ்டென்ட் வைத்தாயிற்று. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார். முட்டி வலிக்குத் தைலம் இன்னும் உண்டு. ஆனால் புதுக் கஷாயம் எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான்.

நண்பர்களே, நம் மரபை மதிக்கிறவர் இன்னொரு கலையைக் கற்க அஞ்ச வேண்டியதில்லை. உங்க வீட்டுத் தாத்தா பாட்டியும் இப்படி அடம் பிடித்தால் சண்டை போடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து வாரியர் கதையைச் சொல்லுங்கள்.