குரோம் தோல், கிணற்று பம்பு... இரண்டுக்கும் பின்னால் ஒரே இன்ஜினீயர்! யார் இந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன்?

வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், ராணிப்பேட்டை பக்கம் போனால் இரண்டு விஷயங்களைப் பார்க்காமல் வர முடியாது. ஒன்று, தோல் பதனிடும் தொழிற்சாலை. இன்னொன்று, கிணற்றில் ஓடும் பம்பு செட். சென்னை மாகாணத்தில் குரோம் தோலுக்கும் இன்ஜின் பம்புக்கும் அரசு சார்பில் பிள்ளையார் சுழி போட்டவர் ஒரே ஆள்தான். பெயர் ஆல்ஃபிரட் சாட்டர்டன்.

100 வருடம் கழித்து, அந்தத் தோலின் கழிவு அதே கிணற்றுத் தண்ணீரைக் கெடுத்தது எப்படி? பார்க்கலாம்.

வாத்தியாராக வந்தவர்

1866-ல் பிறந்த சாட்டர்டன், இருபதுகளின் தொடக்கத்தில், 1888-ல் சென்னைக்கு வந்தார். பொறியியல் கல்லூரியில் பேராசிரியர் வேலை. அப்போது அந்தக் கல்லூரி கிண்டியில் இல்லை, சேப்பாக்கத்தில் இருந்தது. அரசின் பொதுப்பணித் துறைக்கு ஆட்களைத் தயார் செய்வதுதான் அதன் முக்கிய வேலை.

ஆனால் சாட்டர்டனுக்கு வகுப்பறை மட்டும் போதவில்லை. பெரிய அணை, பெரிய பாலம் என்று பேசிக்கொண்டிருந்த காலத்தில், சின்னப் பட்டறையிலும் விவசாயியின் கிணற்றிலும் இன்ஜினீயரிங் என்ன செய்யும் என்று யோசித்தார்.

முதல் முயற்சி அலுமினியம். 1898-ல் சென்னை கலைத் தொழில் பள்ளியில், அதாவது இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரியில், அலுமினியப் பாத்திரம் செய்யத் தொடங்கினார். பித்தளையும் செம்பும் புழங்கிய வீடுகளுக்குள் அலுமினியம் நுழைந்தது. தொழில் லாபம் தரும் என்று நிரூபித்ததும் அது தனியார் கம்பெனிக்குப் போய்விட்டது.

தோலுக்கும் கிணற்றுக்கும் என்ன சம்பந்தம்?

அப்போது நம்மூரில் தோல் பதனிட்டது ஆவாரம் பட்டையில். கடுக்காயும் சேரும். ஒரு தோல் பதமாக வாரக்கணக்கில் ஆகும். இதற்கிடையில் அமெரிக்காவில் குரோமிய உப்பை வைத்து வேகமாகப் பதனிடும் முறை பரவியது. விளைவு? நம்மூர் ஆட்டுத் தோல் பதனிடாமல் பச்சையாகவே கப்பல் ஏறியது. இங்கே இருந்த தோல் ஷாப்புகளுக்கு வேலை குறைந்தது.

இதற்குப் பதிலாகத்தான் 1903-ல் குரோம் பதனிடும் சோதனையை சாட்டர்டன் சென்னையில் ஆரம்பித்தார். அவர் மனதில் இருந்தது ஷூ மட்டுமல்ல. மாடு கட்டிக் கவலை இறைக்கும் தோல் பையும்தான். சாதாரணத் தோல் எப்போதும் தண்ணீரில் ஊறினால் சீக்கிரம் அழுகிவிடும். குரோம் தோல் தண்ணீரைத் தாங்கும். விவசாயிக்கு அடிக்கடி பை மாற்றும் செலவு மிச்சம்.

அதே காலத்தில் இன்னொரு சோதனையும் நடந்தது. மாட்டுக்குப் பதில் ஆயில் இன்ஜினும் பம்பும் வைத்தால் என்ன? கிணறு எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகத்தில் ஊறுகிறது, எத்தனை ஏக்கருக்குப் பாயும், எண்ணெய்ச் செலவு கட்டுப்படியாகுமா என்று ஒவ்வொன்றையும் கணக்குப் போட்டார். துளை போட்டு நிலத்தடி நீர் தேடும் வேலையும் கூடவே நடந்தது. 1912-ல் இறைவைப் பாசனம் பற்றி ஒரு புத்தகமே வெளியிட்டார்.

லண்டன் போட்ட தடை

1908-ல் ஊட்டியில் தொழில் மாநாடு நடந்தது. அதன் பிறகு மாகாணத்தில் தொழில் துறை உருவாகி, சாட்டர்டன் அதன் இயக்குநர் ஆனார். ஆனால் அரசே தொழில் நடத்துவது ஐரோப்பிய வணிகர்களுக்குப் பிடிக்கவில்லை. 1910-ல் லண்டனில் இந்தியா மந்திரியாக இருந்த மார்லி தடை போட்டார். குரோம் தோல் ஆலை ரேவா சமஸ்தானத்துக்கு விற்கப்பட்டது.

1912-ல் சாட்டர்டன் மைசூர் போனார். விஸ்வேஸ்வரய்யா திவானாக இருந்த அந்தக் காலத்தில்தான் அங்கே சந்தன எண்ணெய்த் தொழில் பிறந்தது. அதில் இவருக்கும் பங்கு உண்டு. 1919-ல் சர் பட்டம் கிடைத்தது. 90 வயதைக் கடந்து, 1958-ல் இறந்தார்.

பாலாற்றில் என்ன ஆச்சு?

வேலூர், ஆம்பூர் பகுதியில் குரோம் பதனிடுதல் பெரிய அளவில் பரவியது அவர் போய்ப் பல காலம் கழித்துத்தான். 1970-களில் பாதி பதனிட்ட தோல் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. முழுசாக முடித்த தோலும் ஷூவும்தான் போக வேண்டும் என்றானதும் ரசாயனப் பயன்பாடு எகிறியது.

ஒரு கிலோ தோலை முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றிலேயே பதிவாகியிருக்கிறது. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து. பயன்படுத்திய பிறகு எங்கே போனது? வாய்க்கால், ஏரி, பாலாறு. வருடத்தில் பெரும்பாலும் மணலாகவே கிடக்கும் ஆறு அது. கழிவை அடித்துக்கொண்டு போக ஓட்டம் இல்லை. அப்படியே மணலுக்குள் இறங்கி, கிணற்றுக்கு வந்து சேர்ந்தது.

இதில் குரோமியம் மட்டுமே வில்லன் இல்லை. தோல் கெடாமலிருக்கத் தடவும் சாதாரண உப்புதான் கிணற்றுத் தண்ணீர் கரிப்பதற்கு முக்கியக் காரணம். இந்தத் தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாக, வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆய்வு மையம் எடுத்த கணக்கு நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது.

1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக நிலைபெற்றது இந்த வழக்கில்தான். ஒவ்வொரு தோல் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதம், சுத்திகரிப்பு கட்டாயம். 2025 ஜனவரியிலும் உச்ச நீதிமன்றம் பாலாறு மாசு பற்றி மீண்டும் உத்தரவு போட வேண்டி வந்தது.

விட்டுப்போன பாதி

இன்று இந்த ஊர்களில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இருக்கின்றன. ஆலைகளிலிருந்து குழாயில் வரும் கழிவை ஒன்றாகச் சேர்த்து, கசடு பிரித்து, காற்று செலுத்தி நுண்ணுயிரால் சுத்தம் செய்கிறார்கள். ஆனால் உப்பு நுண்ணுயிருக்கு மசியாது. அதனால் ஆர்.ஓ., அதில் மிஞ்சும் உப்பு நீரைக் காய்ச்ச ஆவியாக்கி என்று செலவு ஏறுகிறது. கடைசியில் மிஞ்சும் உப்பையும் கசடையும் எங்கே வைப்பது என்பது அடுத்த தலைவலி.

நாசத்துக்கு சாட்டர்டனை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அவர் நடத்தியது ஒரே ஒரு ஆலை. ஆனால் அவர் காலத்துக் கணக்கில் ஒரு கேள்வி விட்டுப்போனது. கிணற்றிலிருந்து எவ்வளவு தண்ணீர் எடுக்கலாம் என்று அளந்தார்கள். வேலை முடிந்து வெளியே போகும் தண்ணீர் எங்கே சேரும் என்று யாரும் அளக்கவில்லை. ஒரு ஷெட்டுக்கு பிளான் போடும்போதே அந்தக் கோட்டையும் வரைந்திருந்தால் ஆன செலவு சின்னது. அதை விட்டதற்கான பில்லைத்தான் பாலாற்றங்கரை விவசாயிகள் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.