வெள்ளத்தின் காரணத்தைத் தரவுகளில் தேடிய மகலனோபிஸ்

கொல்கத்தா: மாதிரிக் கணக்கெடுப்பு முறைக்காகவும் இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்துக்காகவும் பெரிதும் அறியப்படுபவர் புள்ளியியல் அறிஞர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ். ஆனால், அவரது புள்ளியியல் பணியின் தொடக்கக் கட்டத்திலேயே மழையும் வெள்ளமும் முக்கிய இடம் பெற்றிருந்தன.

1893-ஆம் ஆண்டு ஜூன் 29-ஆம் தேதி கொல்கத்தாவில் பிறந்த அவர், பிரசிடென்சி கல்லூரியிலும் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். இயற்பியல் மாணவராக இருந்த அவரைப் 'பயோமெட்ரிகா' என்ற ஆய்விதழ் புள்ளியியலின்பால் ஈர்த்தது. தாயகம் திரும்பி இயற்பியல் பேராசிரியரான அவர், 1922 முதல் 1926 வரை அலிப்பூர் வானிலை ஆய்வு நிலையப் பொறுப்பையும் வகித்தார்.

1922-இல் வடக்கு வங்கத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. வெள்ளநீரைத் தடுத்து நிறுத்தப் பெரும் பொருட்செலவில் தேக்கங்கள் அமைக்கலாம் எனப் பொறியாளர் குழு பரிந்துரைக்க இருந்தது. அதுகுறித்து ஆராயும் பணி மகலனோபிஸிடம் வந்தது. சுமார் 50 ஆண்டுகால மழை, வெள்ளப் பதிவுகளை ஆராய்ந்த அவர், தேக்கங்களால் பயனில்லை என்றும் நீர் விரைந்து வெளியேறுவதற்கான வடிகால் வசதியே உடனடித் தேவை என்றும் முடிவு கூறினார்.

1926-இல் ஒடிசாவின் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டது. ஆற்றுப்படுகை ஓரடிக்கு மேல் உயர்ந்துவிட்டதே காரணம் எனக் கருதிய பொறியாளர்கள், கரைகளைப் பல அடி உயர்த்தப் பரிந்துரைத்தனர். படுகை மேடாகியிருந்தால், முன்பு பெய்த அதே அளவு மழைக்கு இப்போது நீர்மட்டம் கூடுதலாக உயர வேண்டும். ஏறத்தாழ 60 ஆண்டுகால ஆற்று நீர்மட்டத்தையும் மழையளவையும் ஒப்பிட்ட மகலனோபிஸ், படுகையில் அத்தகைய மாற்றம் நிகழவில்லை எனக் கண்டறிந்தார். ஆற்றின் மேற்பகுதியில் அணை கட்டி உபரி நீரைத் தேக்குவதே தீர்வு என்றும், அந்த நீரிலிருந்து மின்சாரமும் பெறலாம் என்றும் அவர் எடுத்துரைத்தார்.

காரணத்தைத் தவறாகக் கணித்திருந்தால், கரைகள் உயர்ந்தும் அவற்றை நம்பி வாழ்ந்த மக்களின் ஆபத்து நீங்கியிருக்காது. மகாநதிப் படுகைக்காக அவர் 1937-இல் அளித்த கணக்கீடுகள், 1957-இல் திறக்கப்பட்ட ஹிராகுட் அணைத் திட்டத்துக்கு அடித்தளமாயின.

1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை அவர் தோற்றுவித்தார். 1950-இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கப்படவும் காரணமாக இருந்தார். 1968-இல் பத்ம விபூஷண் விருது பெற்ற அவர், 1972-ஆம் ஆண்டு ஜூன் 28-ஆம் தேதி, தமது 79-ஆவது பிறந்தநாளுக்கு முந்தைய நாள் காலமானார். அவரது பிறந்தநாள் 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

பருவநிலை மாற்றம் குறித்த இன்றைய விவாதங்களிலும் அவரது அணுகுமுறை பொருந்துகிறது. ஓராண்டின் பெருமழையை மட்டும் கொண்டு நிலையான மாற்றம் நேர்ந்துவிட்டதாகவோ, நேரவில்லை என்றோ முடிவு செய்ய இயலாது. பல பத்தாண்டுகள் இடையறாது பேணப்படும் மழை, ஆற்று நீர்மட்டப் பதிவுகளே அதற்குச் சான்றாக அமையும்.