வரதனிடம் கண் வேண்டாத ஆழ்வான்

காஞ்சிபுரத்துக்கு அருகேயுள்ள கூரம் என்னும் சிற்றூரில், தை மாத ஹஸ்த நக்ஷத்திரத்தில் அவதரித்த மஹான் கூரத்தாழ்வான். காஞ்சிப் பேரருளாளனுக்கும் ஹஸ்தமே திருநக்ஷத்திரம் என்பது நினைந்து மகிழத்தக்கது. இயற்பெயர் ஸ்ரீவத்ஸாங்கர், தமிழில் திருமறுமார்பர். அவதரித்தது கி.பி. 1010 என்பது ஸம்ப்ரதாயக் கணக்கு. எம்பெருமானார் அவதரித்தது 1017 ஆகையால், ஆசார்யரினும் சிஷ்யர் வயதில் மூத்தவர். இதனைப் பின்னர் நினைவு கூரவேண்டிவரும்.

ஆழ்வான் பெருஞ்செல்வர். அவருடைய மாளிகைக் கதவு இரவில் சார்த்தப்படும் ஓசை காஞ்சியில் பெருந்தேவித் தாயாரின் திருச்செவி வரை எட்டியது என்று குருபரம்பரை கூறும். ஓசை எட்டியதைப் பெருமையாகக் கொள்ளாமல் வெட்கத்துக்குரியதாகக் கொண்டார் அவர். செல்வம் முழுவதையும் தானம் செய்துவிட்டு, தேவியாரான ஆண்டாளுடன் திருவரங்கத்துக்குப் புறப்பட்டார். வழியில் காட்டைக் கடக்கும்போது அம்மையார் அஞ்சினார். விசாரித்ததில், கணவர் அமுது செய்வதற்காகப் பொன்வட்டில் ஒன்றை மடியில் கட்டி வந்தது தெரிந்தது. ஆழ்வான் அதை வாங்கிப் புதரில் எறிந்தார். அச்சமும் அத்துடன் போயிற்று.

அரங்கத்தில் உஞ்சவிருத்தியே ஜீவனம். ஒரு நாள் இடைவிடாத மழையால் அவர் வெளியே செல்ல இயலவில்லை, இருவரும் பட்டினி. இரவில் பெரிய பெருமாளுக்கு அமுது கண்டருளப் பண்ணும் மணியோசை கேட்டது. அடியவர் பட்டினி கிடக்கப் பெருமாள் அமுது செய்கிறாரே என்று ஆண்டாள் மனத்துக்குள் நினைத்தார். சிறிது நேரத்தில் கோயிலிலிருந்து ப்ரஸாதம் மேளதாளத்துடன் வாசலுக்கு வந்துவிட்டது. ஆழ்வானோ மகிழவில்லை. உண்மையை அறிந்ததும், வயிற்றுக்காகப் பெருமாளுக்குச் சிரமம் கொடுக்கலாமா என்று வருந்தினார். அந்தப் ப்ரஸாதத்தின் பயனாகவே பராசர பட்டரும் வேதவ்யாஸ பட்டரும் பிறந்தனர் என்பது பெரியோர் கொள்கை. நினைப்பது கூடக் குற்றமா என்று இக்காலத்தவருக்குத் தோன்றலாம். தேவையை அவன் அறிவான் என்று நம்பியிருப்பவருக்கு, அதனை நினைவூட்டுவதே நம்பிக்கைக் குறைவாகத் தோன்றியது.

போதாயன வ்ருத்தியைக் காண எம்பெருமானார் காச்மீரம் சென்றபோது உடன் சென்று, படித்ததை நெஞ்சில் பதித்து வந்து ஸ்ரீபாஷ்யத்துக்குத் துணை நின்றவர் ஆழ்வானே. இன்றும் கோயில்களில் ஸேவாகாலத் தொடக்கத்தில் அநுஸந்திக்கப்படும் குருபரம்பரைத் தனியனும், உடையவர் தனியனும் அவர் அருளியவையே.

பிறகு வந்தது கொடிய காலம். சோழ அரசன் ஒருவன் தன் மதத்துக்கு இசைந்து கையொப்பமிடுமாறு எம்பெருமானாரை அழைத்து வர ஆள் அனுப்பினான். அந்த அரசன் இன்னார் என்பதில் சரித்திர ஆராய்ச்சியாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆழ்வான் ஆசார்யரின் காஷாயத்தைத் தாம் தரித்துக்கொண்டு அவருக்குப் பதிலாகச் சென்றார். முதியவரான பெரிய நம்பியும் உடன் சென்றார். எம்பெருமானார் மேல்நாட்டுக்கு எழுந்தருளினார். அவைக்குச் சென்றவர் எம்பெருமானார் அல்லர் என்பதைக் காட்டிக் கொடுத்தவன் நாலூரான். ஆழ்வான் கையொப்பமிட மறுத்தார், கண்களை இழந்தார். பெரிய நம்பி திரும்பும் வழியிலேயே பரமபதித்தார்.

திருவரங்கத்துக்குத் திரும்பிய ஆழ்வானைக் கோயில் வாசலில் காவலர் நிறுத்தினர். எம்பெருமானார் ஸம்பந்தம் உடையோரை உள்ளே விடலாகாது என்பது அரசாணை. ஆழ்வான் எல்லோருக்கும் நல்லவர் ஆகையால் அவரை மட்டும் விடலாம் என்றனர் சிலர். ஆசார்ய ஸம்பந்தத்தை விலக்கிக் கிடைக்கும் தரிசனம் தமக்கு வேண்டா என்று திரும்பி, திருமாலிருஞ்சோலைக்குச் சென்று தங்கினார். அங்கே கள்ளழகரைப் பாடியதே ஸுந்தரபாஹு ஸ்தவம். திருமேனி அழகைத் திருமுடி முதல் திருவடி வரை அநுபவித்துப் பாடியவர், அப்போது கண்ணில்லாதவர் என்பதை மறந்துவிடக் கூடாது. இழந்ததைப் பற்றிய புலம்பலை அங்கே தேடினாலும் அகப்படாது.

பன்னிரண்டு ஆண்டுகள் சென்று எம்பெருமானார் திரும்பினார். சிஷ்யரின் நிலையைக் கண்டு அவர் பட்ட துயரம் சொல்லி முடியாது. கேட்ட வரம் தரும் காஞ்சி வரதனைத் துதித்துக் கண்ணைப் பெறும்படி நியமித்தார். ஆசார்ய நியமனத்தைத் தட்டலாகாது. தமக்கென்று ஒன்றைக் கேட்கவும் நா எழாது. இந்த இக்கட்டோடுதான் ஆழ்வான் வரதராஜ ஸ்தவத்தை அருளிச்செய்தார். திருவுள்ளம் உகந்த வரதன் வேண்டியதைக் கேள் என்றபோது, தமக்குக் கிட்டும் பேறு நாலூரானுக்கும் கிட்ட வேண்டும் என்றார். வரதனும் அவ்வாறே அருளினான்.

செய்தி அறிந்த எம்பெருமானார் முதலில் மனம் வருந்தினார். தம் ஆசை நிறைவேறவில்லையே என்பது ஆசார்யரின் குறை. கண்ணில்லை என்பது ஆழ்வானுக்கு ஒரு குறையாகவே படவில்லை. மீண்டும் வேண்டியபோது, பெருமாளையும் ஆசார்யரையும் காணும் அளவுக்கு மட்டும் பார்வை பெற்றார் என்று கூறுவாரும் உண்டு.

புதுவையில் காந்தி வீதியில் எழுந்தருளியிருக்கும் பெருமாளுக்கும் வரதராஜன் என்பதே திருநாமம். வேலை, திருமணம், பிள்ளைப்பேறு என்று வேண்டுதல்களோடு அன்பர்கள் வருகின்றனர். வரட்டும், வரமளிக்கத்தானே அவன் நிற்கிறான். அந்தத் திருநாமத்தின் முன் ஆழ்வானும் ஒரு காலத்தில் நின்றார் என்பதை அறிந்து ஸேவிப்பது நன்று.

இறுதியில் ஆழ்வான் தமக்கென்று கேட்டது ஒன்றே ஒன்று. அரங்கன் முன் நின்று பரமபதம் வேண்டினார். பெருமாள் அதனை அருளியதோடு, அவருடைய ஸம்பந்தம் உடையவர் அனைவருக்கும் அப்பேறு உண்டென்றார். எம்பெருமானார் தமக்கும் அந்த ஸம்பந்தம் உண்டென்று மேலுத்தரீயத்தை ஆகாயத்தில் வீசி எறிந்து ஆனந்தித்தார். பிரிவு நினைவுக்கு வந்ததும் கண்ணீர் பெருக்கினார். தம்மை விட்டு ஏன் முந்த வேண்டும் என்று வினவினார். ஆசார்யர் திருநாட்டுக்கு எழுந்தருளும்போது எதிர்கொண்டு அழைக்க அடியவன் முன்னதாக அங்கே இருக்க வேண்டாமா என்றார் வயதில் மூத்த அந்தச் சிஷ்யர். அவ்வாறே ஆழ்வான் முன்னே சென்றார். எம்பெருமானார் 1137ஆம் ஆண்டு திருநாட்டுக்கு எழுந்தருளினார்.