பணம் தீர்ந்தபோதும் படிப்பை விடாதவர்

பட்டப்படிப்பு முடிந்த கையோடு நம் மாணவர்கள் பலர் முன் இரண்டு கணக்குகள் வந்து நிற்கின்றன. மேலே படிக்க எவ்வளவு ஆகும்? வீட்டுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்? பிடிபிடிஎன் கடனின் மாதத் தவணையும் சேர்ந்துகொண்டால், முதுகலைக் கனவு அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு என்று தள்ளிப் போகிறது.

நூறு ஆண்டுகளுக்கு முன் இதே கணக்கைப் பலமுறை போட்டுப் பார்த்தவர் டாக்டர் அம்பேத்கர். இந்திய அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவராக அவரை அறிவோம். கையில் காசில்லாமல் பாதியில் நின்றுபோன படிப்பை அவர் முடித்த கதை பலருக்குத் தெரியாது.

அடகு வைத்த நகைகள்

1891 ஏப்ரல் 14ஆம் நாள் பிறந்த பீமராவ், தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மகர் சமூகத்தைச் சேர்ந்தவர். தந்தை ராம்ஜி இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மகன் புத்தகம் கேட்டால், மணமான மகள்களிடம் நகையை வாங்கி அடகு வைப்பார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுத் திருப்பித் தருவார்.

1907இல் மெட்ரிகுலேஷன் தேறிய பீமராவ், பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தார். பரோடா மன்னர் சயாஜிராவ் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கொடுத்தார். பட்டம் பெற்றதும், 1913 தொடக்கத்தில் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குச் சேர்ந்தார். சில நாள்களிலேயே தந்தை நோயுற்ற செய்தி வந்தது. பிப்ரவரியில் ராம்ஜி காலமானார். வீட்டில் மனைவி ரமாபாயும் கைக்குழந்தையும் இருந்தனர்.

ஒப்பந்தத்தில் ஒரு கையெழுத்து

அந்த நேரத்தில்தான் அமெரிக்காவில் படிக்க வாய்ப்பு வந்தது. பரோடா சமஸ்தானம் மூன்று ஆண்டுகளுக்கு மாதம் 11 பவுண்டு 10 ஷில்லிங் கொடுக்கும். படிப்பு முடிந்ததும் அவர் 10 ஆண்டுகள் சமஸ்தானத்தில் பணிபுரிய வேண்டும். இன்று நாம் காணும் உபகாரச் சம்பள ஒப்பந்தம் போன்றதுதான் அது. பீமராவ் கையெழுத்திட்டார்.

1913இல் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் படிக்கத் தொடங்கினார். கிடைத்த தொகையில் மிச்சம் பிடித்து வீட்டுக்கும் அனுப்பினார். பழைய புத்தகக் கடைகள் மட்டும் அவருடைய பலவீனம். 1915இல் முதுகலைப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு லண்டன் சென்று, பொருளாதாரக் கல்லூரியான எல்எஸ்இ-யிலும், பாரிஸ்டர் படிப்புக்காக கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார்.

படிப்பு சூடுபிடித்த வேளையில் உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. நாடு திரும்பும்படி பரோடாவிலிருந்து தகவல் வந்தது. கிளம்பும் முன் அம்பேத்கர் ஒரு காரியம் செய்தார். நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து தொடர, லண்டன் பல்கலைக்கழகத்திடம் அனுமதி பெற்றுக்கொண்டார். படிப்பை விட்டுப் போகவில்லை; தவணை வாங்கிக்கொண்டு போனார். அது முதல் உலகப் போர்க் காலம். அவருடைய புத்தகங்களை ஏற்றி வந்த கப்பல் தாக்கப்பட்டுக் கடலில் மூழ்கியது.

பட்டம் இருந்தும் அறை இல்லை

1917இல் ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தார். வெளிநாட்டில் படித்த அந்த அதிகாரிக்கு ஊரில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. அலுவலகச் சிப்பந்திகள், தீட்டு என்று அஞ்சிக் கோப்புகளை அவர் மேசைமேல் எறிந்தார்கள். பார்சி விடுதி ஒன்றில் தங்கியிருந்தார். அவர் யார் என்று தெரிந்ததும், தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. பொதுப் பூங்காவில் ஒரு மரத்தடியில் அமர்ந்து அழுதுவிட்டு, பம்பாய்க்கு ரயில் ஏறினார்.

பம்பாயில் மாணவர்களுக்குத் தனிவகுப்பு நடத்தினார். பங்குச் சந்தை ஆலோசனை நிறுவனம் ஒன்றையும் தொடங்கினார். அவருடைய சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

1918 நவம்பரில் சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் பணி கிடைத்தது. சம்பளம் மாதம் 450 ரூபாய். அக்காலத்தில் அது நல்ல வருமானம். ஆனால் குடும்பம் பரேல் தொழிலாளர் குடியிருப்பில், இரண்டே அறைகளில்தான் வாழ்ந்தது. செலவுக்கு ரமாபாயிடம் அளவாகப் பணம் கொடுத்தார். மீதியை லண்டனுக்கு என்று எடுத்து வைத்தார். அந்த அளவான பணத்தில் குடும்பத்தை நடத்தியவர் ரமாபாய். பின்னர் கணவர் கடல் கடந்திருந்த ஆண்டுகளிலும் அந்தப் பாரத்தைச் சுமந்தவர் அவரே. அம்பேத்கர் பெற்ற பட்டங்களில் அவருடைய பங்கைத் தனியே பிரித்துவிட முடியாது.

ரொட்டியும் அப்பளமும்

1920இல் வேலையை விட்டார். சொந்தச் சேமிப்பு, கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜ் தந்த உதவி, நண்பர் நவல் பத்தேனாவிடம் வாங்கிய கடன் ஆகிய மூன்றையும் சேர்த்துக்கொண்டு மீண்டும் லண்டன் சென்றார். தவணைக் காலம் முடியும் முன்பே திரும்பிவிட்டார்.

காலையில் சிறிது உணவு. பிறகு பிரிட்டிஷ் மியூசியம் நூலகம் மூடும் வரை படிப்பு. மதியச் சாப்பாட்டைப் பெரும்பாலும் தவிர்த்தார். இரவு பசித்தால், தெரிந்தவர் கொடுத்த அப்பளத்தைச் சுட்டுத் தின்பார்.

1921இல் எம்எஸ்சி பட்டம் பெற்றார். அடுத்ததாக டிஎஸ்சி ஆய்வேட்டுக்கு அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு ரூபாயின் பிரச்சினை. ரூபாய் நாணய நிர்வாகத்தில் பிரிட்டிஷ் அரசின் போக்கை அதில் கடுமையாக விமர்சித்தார். திருத்தி எழுதும்படி தேர்வாளர்கள் கூறினார்கள். அதற்குள் பணம் தீர்ந்துவிட்டதால், 1923 ஏப்ரலில் ஊர் திரும்பினார். பம்பாயில் இருந்தபடியே திருத்தி அனுப்பினார், முடிவுகளை மாற்றவில்லை. அதே ஆண்டு டிஎஸ்சி பட்டம் கிடைத்தது. பின்னர் இந்திய நாணயம் பற்றி ஆராய வந்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன் அவர் சாட்சியம் அளித்தார்.

நமக்கு என்ன?

அம்பேத்கரின் திறமை எல்லாருக்கும் வாய்க்காது. அவருடைய கணக்கை நாம் பின்பற்றலாம். சம்பளம் வந்ததும் படிப்புக்கான பங்கை முதலில் ஒதுக்கினார். கடன் வாங்கினார், எதற்கு என்பதில் தெளிவாக இருந்தார். படிப்பு தடைப்பட்டபோது, திரும்பி வரும் வழியை எழுத்துமூலம் உறுதி செய்துகொண்டார்.

இடையில் வேலைக்குப் போக நேர்ந்தால், இந்த மூன்றாவது பாடம் மிகவும் உதவும். சேர்ந்த பல்கலைக்கழகத்தில் படிப்பை ஒத்திவைக்க முடியுமா, எத்தனை ஆண்டுகள் வரை, எழுத்தில் தருவார்களா என்று கேளுங்கள். கேட்காமல் விலகியவர்களுக்குத் திரும்பும் வழி கடினம். அதோடு, உங்கள் சேமிப்புக்காக வீட்டில் யார் எதை விட்டுக்கொடுக்கிறார்கள் என்பதையும் பெற்றோருடன் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

1946இல் பம்பாயில் சித்தார்த் கல்லூரியை அம்பேத்கர் தொடங்கினார். வேலைக்குப் போகும் ஏழை மாணவர்களும் படிக்கும்படி, அங்கே காலை வகுப்புகள் நடந்தன. பணத்துக்காகப் படிப்பைப் பாதியில் நிறுத்தும் வேதனை அவருக்குத் தெரியும் அல்லவா!