குழந்தையைப் படித்த அம்மையார்

ஈப்போ நகரில் மழலையர் பள்ளிகள் சிலவற்றின் பெயர்ப்பலகையில் மாண்டிசோரி என்னும் சொல்லைக் காண்கிறோம். அஃது ஓர் அம்மையாரின் பெயர் என்பதையும், அவர் நம் தமிழகத்தில் தங்கி ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர் என்பதையும் பலர் அறியார். மாணவச் செல்வங்களும் பெற்றோர்களும் அறிந்து பயனுற அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி எழுதுகிறோம்.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் இத்தாலி நாட்டின் கியாரவல்லே என்னும் சிற்றூரில் பிறந்தார். பெண்கள் மருத்துவம் பயிலுவது அரிதாக இருந்த அக்காலத்தில், எதிர்ப்புகளைப் பொறுத்துக் கற்று, 1896இல் உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மனநோயாளர் விடுதியில், அறிவு குன்றியோர் என ஒதுக்கப்பட்ட சிறார்களைக் கண்டு உள்ளம் உருகினார். அவர்களுக்கு மருந்தினும் கல்வியே வேண்டும் எனத் தெளிந்தார். 1900இல், அத்தகைய சிறாரைக் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கெனத் தோன்றிய பள்ளியில் இயக்குநர்களுள் ஒருவராக அமர்ந்தார். அவர் வழியில் கற்ற சிறாருள் சிலர், ஏனைய பிள்ளைகள் எழுதும் பொதுத் தேர்விலேயே தேறினர். நாடு வியந்தது. அம்மையாரோ, நலமுள்ள பிள்ளைகள் பள்ளிகளில் ஏன் இதனினும் உயரவில்லை என்று கவலையுற்றார்.

1907ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள், உரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த சான் லொரென்சோ பகுதியில் 'குழந்தைகள் இல்லம்' திறக்கப்பட்டது. பெற்றோர் வேலைக்குச் சென்றபின் காப்பாரின்றித் திரிந்த பிள்ளைகளுக்கெனவே அது தோன்றியது. விடியுமுன் பெரட்டுக்கு விரைந்த தாய்மாரையும், ஆயாக்கொட்டகையில் விடப்பட்ட மழலைகளையும் அறிந்த நம் தோட்ட மக்களுக்கு இந்நிலை புதிதன்று.

அவ்வில்லத்தில் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையின் துளைகளில் உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாய் இருந்தாள். மற்றப் பிள்ளைகளைப் பாடச் செய்தும் அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் அமர்த்தியபோதும், உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு பணியைத் தொடர்ந்தாள். நாற்பது முறைக்கு மேல் செய்த பின்னரே நிறைந்த முகத்துடன் தானே நிறுத்தினாள். அருகிருந்து எண்ணியவர் அம்மையார். குறுக்கிடாமல் நோக்குவதும் ஆசிரியத் தொழிலே என்பதை அவர் உணர்ந்தார். மணல்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவிப் பழகிய சிறுவர்கள், பின்னர்த் தாமாகவே எழுதத் தொடங்கினர்.

1909 முதல் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கலானார். முசோலினி ஆட்சியோடு முரண்பட்டுத் தாய்நாட்டைத் துறந்தார். 1939இல், தம் அறுபத்தொன்பதாம் அகவையில், பிரம்மஞான சபையாரின் அழைப்பை ஏற்று மகன் மாரியோவுடன் சென்னை அடையாற்றுக்கு வந்தார். 300க்கும் மேற்பட்டோர் அங்கே பயிற்சி பெற்றனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார். 1940 சூனில் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மாரியோவைச் சிறைவைத்தது. அம்மையாரின் நடமாட்டத்தையும் கட்டுப்படுத்தியது. அவரது எழுபதாம் பிறந்தநாளன்று மகன் விடுவிக்கப்பட்டார். பின்னர்க் கொடைக்கானலிலும் இலங்கையிலும் பணி தொடர்ந்தது. 1,000க்கும் மேற்பட்ட ஆசிரியர்களை உருவாக்கிய அம்மையார், 1952 மே 6ஆம் நாள் ஹாலந்து நாட்டில் இயற்கை எய்தினார்.

இவ்வாழ்க்கை ஆசிரியப் பயிற்சிக்குக் கூறும் பாடம் யாது? பாட அறிவும், பாடக்குறிப்பு எழுதும் திறனும், கரும்பலகைப் பயிற்சியும் வேண்டுவனவே. அவற்றை நாம் பயிற்சிக் கல்லூரியில் நன்கு கற்றோம். ஆயினும், வாய்மூடி அமர்ந்து ஒரு பிள்ளையை ஒரு நாள் முழுவதும் நோக்கிக் குறிப்பெழுதும் பயிற்சி முதலிடம் பெறுதல் வேண்டும் என்பது நம் கருத்து. பயிற்சி ஆசிரியர் பாடம் நடத்தத் தொடங்குமுன், பிள்ளை எவ்விடத்தில் தடுக்குகிறது, எதில் மனம் ஒன்றுகிறது என்பதைக் காணப் பழக வேண்டும்.

தோட்டங்களில் பள்ளிகள் ஏற்பட 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் வழிகோலியது. எழுத்தறிந்த கங்காணியோ கிராணியோ ஆசிரியராய் நின்ற காலம் அது. இன்று பேராக்கில் பால்மரம் நின்ற இடங்கள் பலவற்றில் செம்பனை நிற்கிறது; பயிற்சி பெற்றோரே பாடம் நடத்துகின்றனர். எனினும், மந்தமானவன் என்னும் சொல் மட்டும் வகுப்பறையை விட்டு இன்னும் நீங்கவில்லை. கணக்கில் தவறும் பிள்ளையே வாசலில் ரப்பர்க் கொட்டைகளைப் பத்துப் பத்தாய் அடுக்கி விளையாடக் கண்டிருக்கிறோம். அதைக் காணாத ஆசிரியர், அவனுக்குக் கணக்கு வாராது என்று முடிவு கட்டிவிடுவார். அம்முடிவை நம்பிப் பெற்றோரும் அவன் படிப்பை நிறுத்திவிடக்கூடும்.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை ஒன்றில் ஆழ்ந்திருக்கும்போது சற்றுப் பொறுத்து நோக்குங்கள். கண்டதை ஆசிரியரிடம் வந்து கூறுங்கள். வருங்காலத்தில் ஆசிரியராக விழையும் மாணவர்களே, நூலைப் படிப்பதோடு குழந்தையையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அதுவே அம்மையாருக்கு நாம் செலுத்தும் நன்றியாகும்.