சாதத் ஹசன் மண்ட்டோ

சாதத் ஹசன் மண்ட்டோ (மே 11, 1912 - ஜனவரி 18, 1955) உருது மொழியின் முதன்மையான சிறுகதை எழுத்தாளர்களுள் ஒருவர். பத்திரிகையாளராகவும் வானொலி நாடக ஆசிரியராகவும் திரைப்பட எழுத்தாளராகவும் பணியாற்றினார். 1947 ஆம் ஆண்டு இந்தியப் பிரிவினையைப் பற்றிய கதைகளுக்காகப் பெரிதும் அறியப்படுகிறார். ஆபாசமாக எழுதியதாகப் பிரித்தானிய இந்தியாவில் மூன்று முறையும் பாகிஸ்தானில் மூன்று முறையும் இவர் மீது வழக்குத் தொடரப்பட்டது.

இளமை

பஞ்சாபின் லூதியானா மாவட்டத்தில் சம்ராலாவுக்கு அருகே, காஷ்மீரி மரபில் வந்த குடும்பத்தில் பிறந்தார். தந்தை நீதித்துறையில் பணிபுரிந்தவர். அம்ரித்சரில் பயின்ற மண்ட்டோ பள்ளியிறுதித் தேர்வில் தோல்வியுற்றார். தேறாத பாடங்களுள் உருதும் ஒன்று என்பது வியப்பளிக்கக் கூடியது. பத்திரிகையாளர் அப்துல் பாரி அலீக் இவரை ருஷ்ய, பிரெஞ்சு இலக்கியங்களின் பக்கம் திருப்பினார். அவரது ஊக்கத்தால் விக்டர் ஹியூகோவின் நூலொன்றை உருதுவில் மொழிபெயர்த்தார். ஜாலியன்வாலா பாக் படுகொலைக் காலத்தை ஒரு சிறுவனின் பார்வையில் காட்டும் "தமாஷா" இவரது முதற்கதை.

பம்பாயும் தில்லியும்

1936 இல் பம்பாய் சென்று "முசவ்விர்" என்ற திரைப்பட வார இதழின் ஆசிரியரானார். 1939 இல் ஸஃபியாவை மணந்தார். 1941 இல் தில்லியில் அகில இந்திய வானொலியில் சேர்ந்து ஏராளமான நாடகங்களை எழுதினார். அடுத்த ஆண்டே பம்பாய் திரும்பி ஃபிலிமிஸ்தான், பாம்பே டாக்கீஸ் நிறுவனங்களில் பணிபுரிந்தார். பிரிவினைக் காலத்தில் பாம்பே டாக்கீஸில் முஸ்லிம்கள் பணியாற்றுவதை எதிர்த்து மிரட்டல் கடிதங்கள் வந்தன. 1948 ஜனவரியில், தாம் மிகவும் நேசித்த பம்பாயை விட்டு லாகூருக்குக் குடிபெயர்ந்தார்.

வழக்குகள்

பிரிவினைக்கு முன் "காலி ஷல்வார்", "துவான்", "பூ" ஆகிய கதைகளும், பின்னர் "கோல் தோ", "தண்டா கோஷ்த்", "ஊபர் நீச்சே அவுர் தர்மியான்" ஆகியவையும் வழக்குக்குள்ளாயின. நாடு மாறிய பின்னும் சட்டப்பிரிவு மாறவில்லை. இரு ஆட்சிகளும் பயன்படுத்தியது 292 ஆம் பிரிவையே. கலவரத்தில் காணாமற்போன மகளைத் தேடும் முதியவரைப் பற்றியது "கோல் தோ". மீட்கச் சென்ற தொண்டர்களே அப்பெண்ணைச் சீரழித்ததை அது சொல்கிறது. அக்கதையை வெளியிட்ட "நுகூஷ்" இதழ் ஆறு மாதம் தடை செய்யப்பட்டது.

"தண்டா கோஷ்த்" வழக்கில் கவிஞர் ஃபைஸ் அகமது ஃபைஸ் சாட்சியமளித்தார். கதை ஆபாசமானதன்று, ஆனால் உயர்ந்த இலக்கியத் தரத்தையும் எட்டவில்லை என்பது அவர் கருத்து. இன்று அக்கதையின் தரத்தை ஐயுறுவோர் குறைவு. கீழ் நீதிமன்றம் விதித்த மூன்று மாதக் கடுங்காவலும் 300 ரூபாய் அபராதமும் மேல்முறையீட்டில் நீக்கப்பட்டன. எனினும் உயர் நீதிமன்றம் மீண்டும் 300 ரூபாய் அபராதம் விதித்தது.

இறுதிக் காலம்

லாகூரில் திரைத்துறை நலிந்திருந்ததால் பத்திரிகைகளுக்கு எழுதியே பிழைத்தார். திரைக் கலைஞர்களைப் பற்றிய சொற்சித்திரங்களும், அமெரிக்காவை எள்ளி "மாமா சாமு"க்கு எழுதிய கற்பனைக் கடிதங்களும் இக்காலத்தவை. மதுப்பழக்கம் முற்றியதால் மனநல மருத்துவமனையில் சிகிச்சை பெற்றார். இரு நாடுகளும் மனநோயாளிகளைப் பரிமாறிக்கொள்வதைக் கூறும் "டோபா டேக் சிங்" அந்த அனுபவத்தை அறிந்தவரின் கதை. அதன் நாயகன் பிஷன் சிங், எந்த நாட்டுக்கும் உரிமையில்லாத நிலத்துண்டில் வீழ்கிறான்.

கல்லீரல் நோயால் 42 ஆம் வயதில் லாகூரில் காலமானார். மனைவியும் மூன்று மகள்களும் இருந்தனர். 2012 இல் பாகிஸ்தான் அரசு இவருக்கு நிஷான்-இ-இம்தியாஸ் விருதை அறிவித்தது.